புழுதி எங்கே போனது? சட்டனூகாவின் நாற்பது ஆண்டுகள்

காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு அலுவலகம் போவார்கள். மதியத்துக்குள் சட்டைக் காலர் கறுத்துவிடும். அதற்காக மாற்றுச் சட்டை ஒன்றையும் கையோடு கொண்டுபோவார்கள். பட்டப்பகலில் கார்கள் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள சட்டனூகாவின் 1960-களைப் பற்றி யார் எழுதினாலும் இந்த இரண்டும் தவறாமல் வந்துவிடும். 1969-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் மாலைச் செய்தியில் வால்டர் க்ராங்கைட், மத்திய அரசின் கணக்குப்படி நாட்டிலேயே அழுக்கான காற்று இந்த ஊரில்தான் என்று வாசித்தார். க்ராங்கைட் வாயால் வந்த சொல்லுக்கு அன்றைய அமெரிக்காவில் மறுபேச்சு கிடையாது. ஊர் மானம் ஒரே இரவில் போனது.

அதே ஊர் 2025 ஏப்ரலில் வட அமெரிக்காவின் முதல் ‘நேஷனல் பார்க் சிட்டி’, அதாவது ஊரையே ஒரு தேசியப் பூங்காபோல் பசுமையாக வைத்திருக்க முனையும் நகரம் என்ற பெயரை வாங்கியிருக்கிறது. வட்டாரம் வட்டாரமாக ஆற்றங்கரை நடைபாதை, நடந்துபோக மட்டுமே விட்ட பழைய இரும்புப் பாலம், காசில்லாத மின்சாரப் பேருந்து, நகராட்சியே இழுத்துக் கொடுத்த அதிவேக இணையம் எல்லாம் உண்டு. சுமார் 1.8 லட்சம் பேர் வாழும் நடுத்தர நகரம் இது. நியூயார்க் போல உலகப் பணம் வந்து கொட்டும் இடமல்ல. அதனால்தான் தேய்ந்துபோன தொழில் நகரங்களின் மேயர்கள் எல்லாம் இங்கே ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அவர்களுக்குச் சொல்லப்படும் கதை எளிமையானது: மக்கள் கூடினார்கள், கனவு கண்டார்கள், நடந்தது. கதை பொய்யில்லை. ஆனால் அதில் ஒரு சட்டம், மூடப்பட்ட ஆலைகள், கொக்கோ கோலா பணம், ஒரு வாக்குரிமை வழக்கு எல்லாம் ஓரமாக ஒதுங்கிவிடுகின்றன. காற்றிலிருந்த அழுக்கு போனது சரி, மண்ணில் கிடந்தது என்ன ஆனது என்று கேட்பவரும் குறைவு. இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

கிண்ணத்துக்குள் ஒரு ஊர்

டென்னசி ஆறு வளைந்து நெளிந்து போகும் பள்ளத்தாக்கில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. லுக்கவுட் மலை, சிக்னல் மலை, மிஷனரி ரிட்ஜ் என்று சுற்றிலும் மேடு. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு ரயில் பாதைகள் சந்திக்கும் இடம், பக்கத்திலேயே நிலக்கரி, இரும்புத்தாது என்று தொழிலுக்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரிகள், நிலக்கரியைச் சுட்டு ‘கோக்’ என்ற எரிபொருளாக்கும் அடுப்புகள், துணி ஆலைகள் வரிசையாக வந்தன. ‘டைனமோ ஆஃப் டிக்ஸி’, அதாவது தெற்கின் டைனமோ என்று ஊர் தன்னைப் பெருமையாக அழைத்துக்கொண்டது. ஊருக்குக் கிழக்கே ராணுவத்தின் டிஎன்டி வெடிமருந்துத் தொழிற்சாலை வேறு. வீடுகளில் குளிருக்கு எரித்ததும் நிலக்கரிதான்.

மலைகள் சூழ்ந்த இடத்தில் சில நாட்களில் மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் வந்து படிந்துகொள்ளும். கீழே இருக்கும் குளிர்ந்த காற்று எழும்ப முடியாது. புகை அதனுள்ளேயே சுற்றும். சமவெளி நகரத்தில் காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் புகையை இங்கே ஊரே குடித்துத் தீர்க்க வேண்டியிருந்தது.

தொலைக்காட்சி அவமானம் நடந்த அதே 1969-ல் நகரமும் ஹாமில்டன் கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) காற்று மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றைக் கடுமையாகப் போட்டன. ஆலைகளுக்கு 1972 அக்டோபர் வரை கெடு. 1970-ல் மத்திய அரசின் தூய காற்றுச் சட்டமும் வந்து சேர்ந்தது. வடிகட்டிகள் மாட்டப்பட்டன. 1989-ல் அன்றைய மத்திய காற்றுத் தர அளவுகள் அனைத்தையும் எட்டிவிட்டதாக ஊர் கொண்டாடியது.

இதே இருபது ஆண்டுகளில் ஆலைகள் ஒவ்வொன்றாக ஆட்களைக் குறைத்தன, பல மூடின. வெடிமருந்துத் தொழிற்சாலை 1977-ல் நின்றது. புகைபோக்கியில் வடிகட்டி மாட்டியதால் காற்று எவ்வளவு சுத்தமானது, புகைபோக்கியே அணைந்ததால் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தத்தையும் சட்டத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. 1980-ல் கிட்டத்தட்ட 1.70 லட்சமாக இருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டில் 1.52 லட்சமாகச் சரிந்தது. பத்தில் ஒருவர் போய்விட்டார். சுவாசிக்க நல்ல காற்று கிடைத்தபோது நகரின் நடுப்பகுதி ஆறு மணிக்கே இருட்டிவிடும் இடமாகியிருந்தது.

கூடிப் பேசியவர்கள்

1982-ல் ஆற்றின் வளைவிலுள்ள மொக்கசின் பெண்ட் நிலத்தை என்ன செய்வது என்று யோசிக்க நகரமும் கவுண்டியும் சேர்ந்து ஒரு குழு போட்டன. அது ஒரு துண்டு நிலத்தோடு நிற்காமல் ஆற்றங்கரை முழுவதையும் பற்றிப் பேசத் தொடங்கியது. ‘கார், லிஞ்ச்’ என்ற திட்டமிடல் நிறுவனத்தார் 1985-ல் கொடுத்த வரைபடம் இருபது மைலுக்கும் மேற்பட்ட கரையை ஒரே பூங்காவாகப் பார்த்தது. அப்போதைக்கு அந்தக் கரையில் இருந்தவை கிடங்குகள், தண்டவாளம், லாரிகளுக்காகப் போட்ட நான்குவழிச் சாலை. ஆற்றங்கரை ஊரில் ஆற்றைப் பார்க்க இடமில்லை.

இதற்கு நடுவே 1984-ல் ‘சட்டனூகா வென்ச்சர்’ என்ற லாபநோக்கற்ற அமைப்பு தொடங்கி, ‘விஷன் 2000’ என்று கூட்டங்கள் நடத்தியது. இடங்கள், மக்கள், வேலை, பொழுதுபோக்கு, அரசாங்கம், மாற்று எதிர்காலம் என்று தலைப்பு பிரித்துப் பேசினார்கள். சில மாதங்களில் சுமார் 1,700 பேர் வந்துபோனார்கள். கடைசியில் 40 இலக்குகள் தேறின. ஆற்றங்கரை, பாழடைந்த டிவோலி அரங்கம், இடிக்கக் காத்திருந்த பாலம் எல்லாம் அதில் இருந்தன. குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒரு புகலிடம் வேண்டும் என்பதும் இருந்தது, அது கட்டியும் முடிக்கப்பட்டது. அழகுபடுத்தும் திட்டங்களை மட்டும் எண்ணுகிற கட்டுரைகளில் அந்தப் புகலிடம் இடம்பெறுவதில்லை. என்னைக் கேட்டால், கூட்டத்தில் உண்மையிலேயே ஊர்மக்கள் இருந்தார்கள் என்பதற்கு அதுதான் நல்ல சாட்சி.

கூட்டம் போடக் காசு யார் கொடுத்தது? இங்கேதான் கொக்கோ கோலா வருகிறது. 1899-ல் சட்டனூகாவைச் சேர்ந்த பெஞ்சமின் தாமஸ், ஜோசப் வைட்ஹெட் என்ற இரு வக்கீல்கள் அந்தப் பானத்தைப் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையை ஒரே ஒரு டாலருக்கு எழுதி வாங்கினார்கள். அந்த ஒரு டாலரையும் கம்பெனி கடைசிவரை வசூலிக்கவில்லை என்பார்கள். கூட்டுச் சேர்ந்த ஜான் லப்டனின் குடும்பம் அதிலிருந்து பெருஞ்செல்வம் சேர்த்தது. பேரன் ஜாக் லப்டன் 1986-ல் பாட்டில் தொழிலைக் கொக்கோ கோலாவுக்கே விற்றபோது விலை 140 கோடி டாலர். குடும்பத்தின் லிண்ட்ஹர்ஸ்ட் அறக்கட்டளைதான் அந்தக் கூட்டங்களுக்கும், திட்ட வரைபடங்களுக்கும், பின்னால் வந்த பலவற்றுக்கும் கையைத் திறந்தது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பணக்காரர் பலர் ஊரை விட்டு மலைமேல் வீடு கட்டிக்கொண்டு கீழே திரும்பிப் பார்ப்பதில்லை. இவர் திரும்பிப் பார்த்தார். ஆனால் ‘இதே போல எங்கள் ஊரிலும் 1,700 பேரைக் கூட்டுவோம்’ என்று கிளம்புகிற மேயர், கூட்டம் முடிந்த மறுநாள் காசோலை எழுத யார் இருக்கிறார் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீன் தொட்டியும் பாலமும்

1992 மே முதல் தேதி டென்னசி அக்வேரியம் திறந்தது. 4.5 கோடி டாலர், பெரும்பகுதி தனியார் நன்கொடை. கடல் மீன்களை விட்டுவிட்டு நன்னீரைப் பிரதானமாக வைத்தது. வருகிறவர்களை மின்படிக்கட்டில் நேராக மேல்மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே அப்பலேச்சிய மலைக்காட்டில் ஒரு துளி மழைநீர் ஊற்றாகத் தொடங்கும். அதோடு கூடவே நீங்கள் கீழே இறங்கி இறங்கி ஓடை, ஆறு, சதுப்புநிலம் என்று கடந்து மெக்சிகோ வளைகுடாவில் வந்து முடிப்பீர்கள். சன்னல் வழியே பார்த்தால் அதே டென்னசி ஆறு வெளியே ஓடிக்கொண்டிருக்கும். மீன் தொட்டிக்கா இத்தனை கோடி என்று கேட்டவர்கள் இருந்தார்கள். முதல் ஆண்டிலேயே பத்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

வால்நட் ஸ்ட்ரீட் பாலம் இதைவிட மலிவு, எனக்குப் பிடித்ததும் அதுதான். 1891-ல் கட்டி முடித்த இரும்புப் பாலம், 2,376 அடி நீளம். பலவீனமாகிவிட்டது என்று 1978-ல் வண்டிகளை நிறுத்தினார்கள். இடிப்பதுதான் திட்டம். ஊர்க்காரர்கள் மல்லுக்கட்டி, இடிக்க ஒதுக்கிய பணத்தையே செப்பனிடத் திருப்பிவிட வைத்தார்கள். 1993-ல் மரப்பலகைத் தளத்தோடு நடப்பவர்களுக்காக மட்டும் திறந்தது. வடகரையிலிருந்து நடுநகருக்குக் காரில்லாமல் வரலாம் என்ற உடனே வடகரையின் கடைத்தெரு உயிர்பிடித்தது. 1999-ல் பாலத்தின் அடியில் கூலிட்ஜ் பூங்கா. அதற்கடுத்து, அடுப்பு செய்த ஆலையின் நச்சு மண்ணை அகற்றிச் சீர்செய்து, மழைநீரைச் சதுப்புநிலத்தில் வடிகட்டி ஆற்றில் விடுகிற ரெனசான்ஸ் பூங்கா.

பாலத்துக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1906 மார்ச் 19-ஆம் தேதி இரவு, எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞரைச் சிறையிலிருந்து இழுத்துவந்து இந்தப் பாலத்தில்தான் தூக்கிலிட்டார்கள். செய்யாத குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தார். நோவா பார்டன், ஸ்டைல்ஸ் ஹட்சின்ஸ் என்ற இரு கறுப்பின வழக்கறிஞர்கள் உச்ச நீதிமன்றம்வரை போய்த் தண்டனையை நிறுத்திவைத்திருந்தார்கள். கும்பல் அதற்குக் காத்திருக்கவில்லை. தன் ஆணையை மதிக்காமல் கும்பலுக்கு வழிவிட்ட ஷெரிஃப் ஷிப்பையும் மற்றவர்களையும் உச்ச நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்தது. அந்த நீதிமன்றத்தின் வரலாற்றில் அப்படி நடந்த ஒரே குற்ற விசாரணை அதுதான். தீர்ப்பை ரத்துசெய்து ஜான்சன் மேல் இருந்த பழியைத் துடைக்க 2000 ஆனது. பாலத்தின் தென்முனையில் நினைவுச்சின்னம் வைக்க 2021 ஆனது. புதுப்பித்துத் திறந்த பாலத்தில் 28 ஆண்டுகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நடந்தபிறகு.

யாருடைய நகரம் என்ற வழக்கு

1911-லிருந்து சட்டனூகாவை ஆண்டது ஐந்து பேர் கொண்ட ஆணையக் குழு. வட்டம் பிரிக்காமல் ஊர் முழுவதும் சேர்ந்து ஓட்டுப் போடும் முறை. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு கறுப்பினத்தவர் இருந்தும் அவர்கள் ஆள் ஜெயிப்பது அரிதாகவே நடந்தது. டாமி பிரௌன் என்ற பேராசிரியரும் வேறு சிலரும் 1987-ல் வழக்குப் போட்டார்கள். 1989-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த முறை வாக்குரிமைச் சட்டத்துக்கு விரோதம் என்றது. 1990-லிருந்து ஒன்பது வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு கவுன்சிலர், தனியாக ஒரு மேயர்.

நகர மேம்பாட்டுப் பாடமாகச் சட்டனூகாவைச் சொல்கிறவர்கள் இந்த வழக்கைச் சொல்வதே இல்லை. கனவுக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் வந்து கை தூக்கலாம் என்று ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தபோது, வரிப்பணத்தை எங்கே செலவழிப்பது என்று முடிவுசெய்யும் மேசையில் இடம் கேட்டு இன்னொரு பக்கம் கோர்ட் படியேற வேண்டியிருந்தது.

காசில்லாப் பேருந்து

1992-ல் ஓடத் தொடங்கிய மின்சாரப் பேருந்துகள் இன்றைக்குப் பார்த்தால் சாதாரணம். அன்று நாட்டிலேயே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. ஊரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கி வண்டியும் செய்தார்கள், அந்த நிறுவனம் நீடிக்கவில்லை. ஆனால் பேருந்தை விட அதன் வரவுசெலவுதான் சுவாரசியம். நடுநகரின் இரு முனைகளில், பழைய ரயில் நிலையம் பக்கம் ஒன்று, அக்வேரியம் பக்கம் ஒன்று என்று வாகன நிறுத்தங்கள் கட்டினார்கள். காரை அங்கே காசு கொடுத்து நிறுத்திவிட்டு இலவச வண்டியில் ஏறிக்கொள்ளலாம். நிறுத்தக் கட்டணம் பேருந்துச் செலவைத் தாங்கும். கார் வைத்திருப்பவர் காசில் கார் இல்லாதவரும் சவாரி செய்கிறார். வண்டியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற ஊர்கள் கட்டண மேசையைக் கவனிக்காமல் போய்விடுகின்றன.

அந்த நான்குவழி ஆற்றங்கரைச் சாலை 2005-ல் இருவழியானது. மேயர் பாப் கார்க்கர் காலத்தில் 12 கோடி டாலர் திட்டம். பாதி நன்கொடை, மீதியில் பெரும்பங்கு தங்கும் விடுதிகள் மேல் போட்ட வரி. ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டு வழி ஒன்றை செரோக்கி மக்களின் நினைவுக்கு ஒதுக்கினார்கள். 1838-ல் அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டியபோது படகேற்றிய துறைகளில் ஒன்று அந்த இடம். ஊர் தொடங்கியதே அவர்கள் நிலத்தில்தான்.

மின்வாரியம் இழுத்த கம்பி

நகரின் மின்விநியோகம் இபிபி என்ற பொதுத்துறை வாரியத்திடம் இருக்கிறது. புயல் மழையில் மரம் விழுந்தால் எந்த இடத்தில் கம்பி அறுந்தது என்று தெரிந்து, மின்சாரத்தைத் தானே வேறு வழியில் திருப்பிவிடும் சுவிட்சுகள் வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். சுவிட்சுகள் ஒன்றோடொன்று பேச ஃபைபர் கம்பி வேண்டும். கம்பி போட்டபின் அதிலேயே வீட்டுக்கு இணையமும் கொடுக்கலாமே? கேபிள் நிறுவனங்கள் வழக்குப் போட்டன, நிற்கவில்லை. 2009-ல் மத்திய அரசின் 11.15 கோடி டாலர் மானியம் வந்ததும் வேலை விறுவிறுவென்று முடிந்தது. 2010-ல் விநியோகப் பகுதி முழுவதும் நொடிக்கு ஒரு கிகாபிட். ஆரம்பத்தில் மாதம் 350 டாலர், சில ஆண்டுகளில் 70 டாலர்.

எல்லைக்கு வெளியே உள்ள கிராமத்தார் எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டபோது மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் 2015-ல் அந்தத் தடையைத் தள்ளியது, 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தையே தள்ளியது. 2020-ல் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடியபோது வசதியில்லாத வீட்டு மாணவர்கள் சுமார் 28,000 பேருக்கு இலவச இணையம் தர முடிந்ததற்குக் காரணம், கம்பி ஊருக்குச் சொந்தமாக இருந்ததுதான்.

வெடிமருந்துத் தொழிற்சாலை நிலத்துக்கு ஃபோக்ஸ்வாகன் வந்தது. 2011-லிருந்து கார் உற்பத்தி. டிஎன்டி செய்த இடத்தின் பக்கத்திலேயே சோலார் தகடுகள். 2024 ஏப்ரலில் அங்கே தொழிலாளர்கள் 73 சதவீதம் ஓட்டுப் போட்டுச் சங்கம் அமைத்தார்கள். முன்பு இரண்டு முறை தோற்ற ஓட்டெடுப்பு. தெற்கு மாநிலங்களில் இது சின்ன விஷயமில்லை.

ஆற்றுக்கு மறுபக்கம் பார்க்காதவர்கள்

ஊரின் தென்பகுதியில் சட்டனூகா ஓடை ஓடுகிறது. ஆல்டன் பார்க் வட்டாரம், பெரும்பாலும் கறுப்பின உழைப்பாளிக் குடும்பங்கள். பழைய கோக் ஆலையின் கரித்தார் பல ஆண்டுகளாக அந்த ஓடையில் கலந்து, அடியில் களிம்பாகப் படிந்து கிடந்தது. மத்திய சுற்றுச்சூழல் முகமை அதைச் சூப்பர்ஃபண்ட் பட்டியலில், நாட்டின் மிக மோசமான நச்சு இடங்களின் பட்டியலில், சேர்த்தது 1995-ல். அக்வேரியம் திறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தூர்வாரும் வேலை 2000-களின் பின்பாதி வரை இழுத்தது.

அடுத்தது மண். ஃபவுண்டரியில் இரும்பை வார்க்க மணலில் அச்சு எடுப்பார்கள். வார்த்து ஆறியபின் அச்சை உடைத்து மணலைத் திரும்பப் பயன்படுத்துவார்கள். பலமுறை சூடுபட்ட மணல் கருகி, உலோகத் துகள் ஏறி, கடைசியில் கழிவாகும். கொட்ட இடம் வேண்டும். தாழ்ந்த வீட்டுமனைகளுக்கு நிரப்ப மண் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டன. பார்க்கக் கரிசல்போல் கருப்பாக இருக்கும், ஓசியில் கிடைக்கும். கொட்டி, மேலே புல் வளர்த்து, ஓரத்தில் தக்காளியும் வைத்தார்கள். அந்த மண்ணில் ஈயம் இருந்தது.

அது தெரியவந்தது 2011-ல், தென்பகுதியில் ஒரு குழந்தையின் ரத்தப் பரிசோதனையில் ஈயம் கூடுதலாக இருந்த பிறகு. ஒரு வீட்டில் தொடங்கி, தெரு, வட்டாரம் என்று விரிந்து, எட்டு வட்டாரங்களைச் சேர்த்து 2018 செப்டம்பரில் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் போட்டார்கள். ஆட்கள் வந்து முற்றத்து மேல்மண்ணைச் சுரண்டி லாரியில் ஏற்றி, வேறு மண் நிரப்பி, புல் பதித்துவிட்டுப் போவார்கள். பிறகு அடுத்த வீடு.

1969-ல் தொலைக்காட்சியில் வந்தது காற்றில் பறந்த புழுதி. அதைப் பார்க்க முடிந்தது, சட்டையில் படிந்தது, சட்டை போட்டவர்கள் வாய் திறந்தார்கள். இது காலடியில் கிடந்தது. ஊர் எதை முதலில் சுத்தம் செய்தது, எதைக் கடைசிக்கு வைத்தது என்று வரிசைப்படுத்தினால் விருந்தாளி வரும் வாசல் முதலிலும் கொல்லைப்புறம் கடைசியிலும் வருகிறது.

இதற்கிடையே ஊர் திரும்ப வளர்ந்துவிட்டது. 2020 கணக்கெடுப்பில் 1.81 லட்சம் பேர். பழைய எல்லைக்கு வெளியே இருந்த பகுதிகளை இணைத்துக்கொண்டதும் அதில் சேர்த்தி. மூன்றில் ஒரு பங்காக இருந்த கறுப்பின மக்கள் இப்போது முப்பது சதவீதத்துக்கும் கீழே. நடுநகரைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகை ஏறுகிறது. தென்பகுதியில் வீலண்ட் ஃபவுண்டரியும் யு.எஸ். பைப் ஆலையும் 2000-களில் மூடிய நிலத்தை லுக்கவுட்ஸ் அணியின் புதிய பேஸ்பால் மைதானத்துக்கு எடுத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியில் இனிமேல் கூடும் சொத்துவரியையும் கொண்டு மைதானக் கடனை அடைப்பது ஏற்பாடு.

மண் மாற்றும் வேலைக்குச் சுற்றுச்சூழல் முகமை வீட்டுக்கு ஒரு படிவம் அனுப்புகிறது. முற்றத்தில் இறங்கிப் பரிசோதிக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும். போட வேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர். குடியிருப்பவர் வாடகைக்காரராக இருந்தால் அவர் கையெழுத்து செல்லாது.